கையில் நிவாரணம், தலைக்கு மேல் கார்டு நிலுவை: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு வருமானம் நின்றுபோகும் மாதங்கள் ஆண்டுதோறும் வரும். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அதே ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பகுதிகளில் ரப்பர் பால்வெட்டும் நாள்கணக்கில் நிற்கும். இவற்றோடு 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது, 2020இல் ஊரடங்கு வந்தது, 2023 டிசம்பரில் பெருமழை வந்தது. வளைகுடாவில் ஒருவருக்கு வேலை போனால் இங்கே ஒரு வீட்டின் அடுப்பே தடுமாறும்.

இப்படிப்பட்ட மாதங்களில் வீட்டுக்கு இரண்டு விஷயங்கள் வந்து சேரும். ஒன்று, அரசின் நிவாரணத் தொகை. இன்னொன்று, கிரெடிட் கார்டு பில். முன்னது சிறியது, ஒருமுறை வருவது. பின்னது மாதந்தோறும் வளர்வது. இவை இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் சந்திக்கும்போதுதான் பெரும்பாலான குடும்பங்கள் அடிபடுகின்றன. அரிசிக்கும் மருந்துக்கும் வந்த பணம் வட்டிக்குப் போய்விடுகிறது, நிலுவையும் அப்படியே நிற்கிறது. இந்த இரண்டையும் பிரித்து வைக்கும் வழியையும், எதை முதலில், எதை அடுத்து செய்ய வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

முதல் படி: ஒரு தாளில் கணக்கை எழுதுங்கள்

மொபைல் ஆப்பில் பார்த்துவிட்டு மூடினால் கணக்கு மனதில் நிற்காது. ஒரு தாளை எடுத்து இடது பக்கம் கையிருப்பு, இந்த மாதமும் அடுத்த மாதமும் நிச்சயமாக வரும் பணம் ஆகியவற்றை எழுதுங்கள். "வரக்கூடும்" என்பதை எழுத வேண்டாம். வராத சீட்டுப் பணத்தை நம்பிச் செலவு செய்தவர்கள் நிறைய. வலது பக்கம் ஒவ்வொரு கார்டுக்கும் ஐந்து விவரங்கள்: பில் போடும் தேதி, டியூ டேட் (கட்ட வேண்டிய கடைசித் தேதி), டோட்டல் டியூ (கட்ட வேண்டிய முழுத் தொகை), மினிமம் டியூ (குறைந்தது கட்ட வேண்டிய தொகை), மாத வட்டி விகிதம். முதல் நான்கும் பில்லின் முதல் பக்கத்திலேயே இருக்கும். வட்டி விகிதம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலான கார்டுகளில் அது மாதம் 3 முதல் 3.75 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 36 முதல் 45 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால் "கொள்ளை வட்டி" என்று சொல்லும் நாம், அதே வட்டியை அச்சிட்ட தாளில் பார்க்கும்போது கவனிப்பதே இல்லை.

நகைக்கடன், குழுக்கடன், சீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் அதே வலது பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் மனைவிக்கோ மகனுக்கோ தெரியாத கார்டு இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஒளித்து வைத்த கடன்தான் மற்ற எல்லாத் திட்டத்தையும் கெடுக்கும்.

இரண்டாம் படி: மினிமம் டியூ என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நட்டத்தில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

நிலுவை 40,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 1,400 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 252. ஆக 1,652. நீங்கள் மினிமம் டியூவாக 5 சதவீதம், சுமார் 2,083 ரூபாய் கட்டினால் அதில் 1,652 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் குறைவது 431 ரூபாய் மட்டும். கார்டில் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் ஓராண்டு முழுக்க இப்படியே கட்டினால், கையை விட்டுப் போகும் பணம் சுமார் 23,500 ரூபாய். நிலுவை அப்போதும் 35,000க்கு மேல் நிற்கும். மினிமம் டியூ உங்களைத் தாமதக் கட்டணத்திலிருந்தும் கெட்ட பெயரிலிருந்தும் காப்பாற்றும். கடனிலிருந்து காப்பாற்றாது.

இன்னொரு பொறி, "கொஞ்சம்தானே பாக்கி" என்பது. மே 15 அன்று 20,000 ரூபாய்க்கு வலை வாங்கினீர்கள். பில் ஜூன் 10, டியூ டேட் ஜூன் 30. அன்றைக்கு 18,000 கட்டிவிட்டு 2,000 மட்டும் விட்டீர்கள். வட்டி அந்த 2,000க்கு மட்டும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் முழுத் தொகையைக் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் முழுவதுமே ரத்தாகிவிடும். மே 15 முதல் ஜூன் 30 வரை 46 நாளுக்கு முழு 20,000க்கும் வட்டி. அதன் பிறகு ஜூலை 10 பில் வரை மிச்சம் 2,000க்கு வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம் என்றால் வரியோடு சேர்த்து ஏறக்குறைய 1,276 ரூபாய். இரண்டாயிரம் ரூபாய் பாக்கிக்கு விலை அது. அதோடு நிலுவை தீரும் வரை புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே பாக்கி விழுந்த கார்டை அன்றே அலமாரியில் வைத்துவிடுங்கள். யுபிஐயில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டு என்றால் ஆப்பிலிருந்தும் நீக்குங்கள். டீக்கடையில் கியூஆர் ஸ்கேன் செய்யும்போது எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று யாரும் கவனிப்பதில்லை.

கார்டை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த தொகையில் 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய் கட்டணம் என்பது வழக்கமான விகிதம். வட்டி அன்றைக்கே தொடங்கிவிடும். "அண்ணே, கார்டைக் குடுங்க, மெஷின்ல தேய்ச்சு ரொக்கமாத் தாரேன், ரெண்டு பர்சென்ட் போதும்" என்று சொல்லும் கடைகளும் உண்டு. வங்கியின் நிபந்தனைப்படி அது முறைகேடு, கண்டுபிடித்தால் கார்டை முடக்குவார்கள். கமிஷனும் போய், கடனும் ஏறி, கார்டும் போகும்.

மூன்றாம் படி: நிவாரணம் எந்த வழியாக வரும் என்று முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்

அரசுப் பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ரேஷன் கடை வழியாக ரொக்கமாக. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய், 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு குமரி மாவட்டத்துக்கு 1,000 ரூபாய் எல்லாம் இப்படி வந்தவை. இதற்கு வங்கிக் கணக்கு தேவையில்லை. குடும்ப அட்டை சரியாக இருக்க வேண்டும். அட்டையில் இறந்தவர் பெயர் நீக்காமல் இருப்பது, வீடு மாறியும் பழைய கடையிலேயே அட்டை இருப்பது, குடும்பத் தலைவர் வெளிநாட்டில் இருப்பது ஆகிய மூன்றும்தான் வழக்கமான தடைகள். இவற்றை நெருக்கடி வருவதற்கு முன்பே வட்ட வழங்கல் அலுவலகத்தில் சரிசெய்யுங்கள். நிவாரணம் அறிவித்த பிறகு போனால் வரிசை நகராது. ரேஷன் குறைகளுக்கு 1967.

மற்றது வங்கிக் கணக்கு வழி. மீன்பிடித் தடைக்கால நிவாரணமும், 2020இல் பெண்களின் ஜன்தன் கணக்கில் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் வந்த சிறு தொகையும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும், பயிர்ச்சேத இழப்பீடும் இந்த வழிதான். இங்கேதான் பலருக்குப் பணம் "காணாமல்" போகிறது.

ஆதார் வழியாக அனுப்பும் பணம் நீங்கள் மனுவில் எழுதிய கணக்குக்குத்தான் போகும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு "சீடிங்" (அரசுப் பணம் வருவதற்கான ஆதார் இணைப்பு) செய்யப்பட்டதோ அந்த வங்கிக்குப் போகும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். தபால்காரர் வீட்டுக்கு வந்து ரேகை வைத்து அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கித் தந்திருப்பார். அப்போது சீடிங்கும் அங்கே மாறியிருக்கலாம். அம்மா தக்கலையில் பழைய வங்கியில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு "பணம் வரலியே" என்று நடந்துகொண்டிருப்பார், பணம் தபால் கணக்கில் கிடக்கும்.

சோதிக்கும் முறை எளிது. மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்ற இடத்தில் வங்கியின் பெயரும், இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். ஆதாரில் கொடுத்த மொபைல் எண் மாறிப்போயிருந்தால் முதலில் ஆதார் சேவை மையத்தில் எண்ணை மாற்ற வேண்டும். வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமென்றால் அந்த வங்கிக் கிளையில் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் கொடுங்கள். கணக்கோடு ஆதாரை இணைத்துவிட்டோம் என்று கிளையில் சொன்னால் அது போதாது. "நிவாரணப் பணம் வருவதற்கான சீடிங் செய்தாயிற்றா" என்று இதே சொல்லில் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள விவரம்) புதுப்பிக்காததால் முடக்கப்பட்ட கணக்கு, இரண்டு ஆண்டுகளாக நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாததால் செயலிழந்த கணக்கு ஆகியவற்றிலும் சிக்கல் வரும். வருடத்துக்கு ஒருமுறையாவது 100 ரூபாய் போட்டு எடுங்கள்.

வெள்ளம், புயல் சேதத்துக்கு மனு செய்வோருக்கு ஒரு குறிப்பு. தண்ணீர் வடிவதற்கு முன்பே படம் எடுங்கள். வீட்டு எண்ணோ, பக்கத்தில் அடையாளமான ஏதாவதோ படத்தில் தெரிய வேண்டும். வாழைக்குப் பட்டா, அடங்கல் இரண்டும் வேண்டும். குத்தகைக்குப் பயிர் செய்திருந்தால் அடங்கலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கெடுப்பில் பதிவானால்தான் இழப்பீடு. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பெயர் விடுபட்டால் அந்தச் சீட்டோடு உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம் (கல்குளம் வட்டத்துக்குத் தக்கலை, விளவங்கோட்டுக்குக் குழித்துறை, தோவாளைக்குப் பூதப்பாண்டி). அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், அல்லது முதல்வர் உதவி எண் 1100.

நான்காம் படி: நிவாரணக் கணக்கையும் கார்டு கணக்கையும் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கார்டு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட நிபந்தனைகளில், நிலுவை இருந்தால் அதே வங்கியில் உள்ள உங்கள் இருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதைவிட அடிக்கடி நடப்பது ஆட்டோ டெபிட். கார்டு பில்லுக்குத் தானாகக் கழிக்கும் ஏற்பாட்டை நல்ல காலத்தில் செய்து வைத்திருப்பீர்கள். காலை நிவாரணம் வரவு, மாலை கார்டுக்குப் பற்று. பாஸ்புக்கில் இரண்டு வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும், இருப்பு 37 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதமும் இதே வேலையைச் செய்யும். மகளிர் உரிமைத் தொகை முதன்முதலில் வந்தபோது சில வங்கிகள் இப்படிப் பிடித்தம் செய்தன. அதைச் செய்யக் கூடாது என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அப்போது வெளிப்படையாகவே எச்சரித்தார். ஆனால் பிடித்த பிறகு திரும்ப வாங்குவது அலைச்சல்.

ஆகவே கார்டோ கடனோ இல்லாத வேறொரு வங்கியில் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, மாதம் நான்கு முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். ஆதார் சீடிங்கை அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்கில் எந்த ஆட்டோ டெபிட்டும், எந்தத் தவணையும், எந்த யுபிஐ கடன் ஆப்பும் இணைய வேண்டாம். அப்படியே பழைய கணக்கில் கார்டுக்கான ஆட்டோ டெபிட் "டோட்டல் டியூ" என்று இருந்தால் நெருக்கடி மாதங்களுக்கு "மினிமம் டியூ" என்று மாற்றுங்கள். மாற்றம் அமலுக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும், டியூ டேட்டுக்கு முந்தின நாள் செய்தால் பலிக்காது.

ஏற்கெனவே பிடித்துவிட்டார்களா? பாஸ்புக் நகலோடு கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், விவரம் கேட்க 14448. குமரி மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. முன்னோடி வங்கி மேலாளருக்கு ஒரு நகல் அனுப்பினால் உள்ளூரிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

ஐந்தாம் படி: எதற்கு முதலில், எதற்குப் பிறகு

நிவாரணப் பணத்திலிருந்து அரிசி, மருந்து, கரண்ட் பில், வாடகை, பிள்ளைகளின் படிப்பு. அதன் பிறகு நகைக்கடன் வட்டி, ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்தால் மட்டும். படகு இன்ஜினோ பால்வெட்டு சாமானோ அடமானத்தில் இருந்தால் அதுவும். தொழில் திரும்பும்போது கருவி கையில் வேண்டும். கார்டுக்கு மினிமம் டியூ இவற்றுக்கெல்லாம் பிறகுதான், வேறு வருமானத்திலிருந்து. பிணை இல்லாத கடன் என்பதால் கார்டுக்காக யாரும் வீட்டைப் பூட்ட முடியாது. கார்டு வங்கி தினமும் போன் செய்வதால் அதுதான் அவசரம் என்று தோன்றும். கூவுகிறவனுக்கு முதலில் கொடுப்பது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்த மாதங்களில் விட வேண்டும்.

டியூ டேட் தாண்டிவிட்டாலும் மூன்று நாள் வரை தாமதக் கட்டணம் போடக் கூடாது, தாமதம் என்று பதிவும் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள்

ஒரு தவணை தவறிய பிறகு பேசுவதும், தவறுவதற்குப் பத்து நாள் முன்பு பேசுவதும் ஒன்றல்ல. கணக்கு ஒழுங்காக இருக்கும்போதுதான் தவணையாக மாற்றித் தருவார்கள். கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கே அழையுங்கள்; கூகுளில் தேடி வரும் எண்களில் போலி உண்டு.

பேசும்போது இப்படி நேராகச் சொல்லலாம்: "மேடம், ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் தடைக்காலம், தொழில் இல்லை. நிலுவை நாற்பதாயிரம் இருக்கு. மாசம் நாலாயிரத்துக்கு மேல கட்ட முடியாது. பன்னிரண்டு மாசத் தவணையா மாத்தினா வட்டி எத்தனை, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, நடுவுல முடிச்சா அபராதம் உண்டுமா? பதிலை எஸ்எம்எஸ்லயோ மெயில்லயோ அனுப்புங்க." கடைசி வாக்கியம் முக்கியம். எழுத்தில் வராத வாக்குறுதி அடுத்த முறை பேசும் ஊழியருக்குத் தெரியாது. தேதி, நேரம், புகார் எண் மூன்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 18 சதவீதம் என்று கிடைத்தால் 40,000க்கு 12 மாதத் தவணை 3,667 ரூபாய். மொத்த வட்டி சுமார் 4,000, அதற்கு ஜிஎஸ்டி 720, பிராசஸிங் கட்டணம் தனி. மாற்றாமல் 3.5 சதவீதத்திலேயே மாதம் 5,000 கட்டினால் பத்து மாதம் பிடிக்கும், வட்டியும் வரியும் சுமார் 9,500 ஆகும். மாற்றிய பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவணை முழுவதும் அந்தந்த மாத மினிமம் டியூவில் சேர்ந்துவிடும், அதில் பாதி கட்டுவது என்பது கிடையாது. கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அதிக வட்டியைக் குறைந்த வட்டியால் அடைப்பது

வீட்டில் கொஞ்சம் நகை இருந்தால், கார்டு நிலுவையை அதைக் கொண்டு அடைப்பது கணக்குப்படி சரியான முடிவு. வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ 10 சதவீத வட்டிக்கு 40,000 எடுத்து பத்து மாதத்தில் தீர்த்தால் வட்டி 1,850 ரூபாய் அளவில் முடியும். மேலே பார்த்த 9,500ஐ இதோடு வைத்துப் பாருங்கள். தனியார் பைனான்ஸில் போனால் உடனே கிடைக்கும், ஆனால் விளம்பரப் பலகையில் உள்ள வட்டி முதல் சில மாதத்துக்கு மட்டுமா, வட்டி கட்டத் தவறினால் எவ்வளவு ஏறும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கணக்கு சரி, ஆனால் மனிதர்கள் செய்யும் தவறு வேறு. நகையை வைத்துக் கார்டை அடைத்துவிட்டு, காலியான லிமிட்டைப் பார்த்து மறுபடி கார்டில் வாங்குவார்கள். ஆறு மாதத்தில் நகைக்கடனும் கார்டு நிலுவையும் சேர்ந்து நிற்கும். ஆகவே அடைத்த அன்றே கார்டின் லிமிட்டைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது கார்டை மூடுங்கள். நிலுவை இல்லாத கார்டை மூடக் கேட்டால் வங்கி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2022 விதிமுறை சொல்கிறது. நகையும் தேவைக்கு மட்டும்: 40,000க்கு எத்தனை கிராம் போதுமோ அவ்வளவு. "முழுசா வச்சு கூட எடுத்துக்கோங்க" என்பதற்குத் தலையாட்ட வேண்டாம்.

விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் உள்ள கிசான் கிரெடிட் கார்டைப் பெயரைப் பார்த்து இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 7 சதவீத வட்டியில் தொழிலுக்கான கடன். உரிய காலத்தில் திருப்பினால் 3 சதவீதம் தள்ளுபடி. அந்தப் பணம் உரத்துக்கும் வலைக்கும் டீசலுக்கும் போக வேண்டும். அதை எடுத்துக் கார்டு பில் கட்டினால் அடுத்த பருவத்துக்கு முதல் இருக்காது, அப்போது கைநீட்டுவது கந்துவட்டிக்குத்தான்.

கந்துவட்டி பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாங்காதீர்கள். வாங்கியிருந்து மிரட்டல் வந்தால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல் நிலையத்திலோ ஆட்சியரிடமோ புகார் கொடுக்கலாம்.

எட்டாம் படி: "தவணை தள்ளிவைப்பு" அறிவித்தால்

2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தள்ளிவைப்பு தந்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. கார்டு நிலுவையும் அதில் அடக்கம். பலர் அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டும் தேதி தள்ளிப்போனதே தவிர வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 40,000 நிலுவைக்கு ஆறு மாதத்தில் வட்டியும் வரியும் மட்டும் 9,900 ரூபாய் ஆகும் கணக்கு அது. வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் சாதாரண வட்டியை எல்லோரும் கட்ட வேண்டியிருந்தது. இனி ஒருமுறை இப்படி அறிவித்தால் கைமுழுக்க வறண்டவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் கார்டுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டுங்கள். வீட்டுக்கடனுக்கு ஒத்திவைத்தாலும் கார்டுக்கு ஒத்திவைக்காமல் இருப்பது லாபம்.

ஒன்பதாம் படி: மூன்று மாதம் தவறிவிட்டால்

மினிமம் டியூ 90 நாளுக்கு மேல் கட்டப்படாவிட்டால் கணக்கு வாராக்கடனாகும். வசூல் ஆட்கள் வருவார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, அக்கம்பக்கத்தாரிடமும் உறவினரிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் அழைப்பைப் பதிவு செய்து, தேதி நேரத்தோடு வங்கிக்கு எழுதுங்கள். "போலீஸ் வரும், அரெஸ்ட்" என்பது பயமுறுத்தல். கார்டு பாக்கி சிவில் விவகாரம். ஆனால் செக் கொடுத்திருந்து அது திரும்பினாலும், ஆட்டோ டெபிட் திரும்பினாலும் குற்ற வழக்குக்கு இடமுண்டு. ஆகவே காசு இல்லாத கணக்குக்குச் செக் எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பிவைக்காதீர்கள்.

வங்கி பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ள அழைக்கலாம். அப்படி முடித்தால் கடன் அறிக்கையில் "செட்டில்டு" (குறைத்துக் கட்டி முடித்தது) என்று விழும், "குளோஸ்டு" (முழுதாகக் கட்டி முடித்தது) என்று அல்ல. அந்தச் சொல் பல ஆண்டுகள் நின்று, நாளைக்கு மகளின் கல்விக்கடனுக்கு நீங்கள் உடன்கையெழுத்துப் போடும்போது குறுக்கே வரும். முழு அசலையும் கட்டி வட்டியில் மட்டும் குறைப்புக் கேட்டு, "குளோஸ்டு" என்று பதிவிட எழுத்தில் ஒப்புதல் வாங்க முடிந்தால் அது மேல். வழியே இல்லை என்றால் செட்டில்மென்ட்டும் தவறல்ல, கடிதம் கைக்கு வந்த பிறகே பணம். வசூல் ஆளின் சொந்த யுபிஐ எண்ணுக்கு ஒருபோதும் அனுப்ப வேண்டாம்.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியாமல் போங்கள். பேரம் பேச நல்ல இடம் அது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும், புயல் வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். அழைக்க 15100.

பத்தாம் படி: நிவாரணம் அறிவித்த வாரத்தில் வரும் திருடர்கள்

அறிவிப்பு வந்த மறுநாளே "உங்கள் நிவாரணத் தொகையைப் பெற இங்கே அழுத்தவும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். சில நேரம் ஆப் ஃபைலாகவே வரும். நிறுவினால் ஓடிபி எல்லாம் அவனுக்குத் தெரியும். பணம் வாங்குவதற்கு ஓடிபியோ யுபிஐ பின் எண்ணோ தேவையே இல்லை, இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில் "ரேகை பதியலை, இன்னொரு தடவை வைங்க பாட்டி" என்றால் ஒவ்வொரு முறைக்கும் ரசீது கேளுங்கள். தேவையில்லாத நாட்களில் ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930, அடுத்து வங்கி. உங்கள் தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

தொழில் திரும்பிய பிறகு

கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் (சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க்) ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நெருக்கடி முடிந்து இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். கட்டி முடித்தது பாக்கியாக நின்றால் திருத்தக் கேளுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பில் தேதியை மாற்றிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, குறைந்தது ஒரு முறையாவது வங்கி மாற்றித் தர வேண்டும். மாதம் 5ஆம் தேதி சம்பளம் வரும் வீட்டுக்கு டியூ டேட் 8 அல்லது 10 என்று இருந்தால் பணம் கையில் இருக்கும்போதே கட்டிவிடலாம். மீன்பிடிக் குடும்பங்கள், கடல் நன்றாகக் கொடுக்கும் மாதங்களிலேயே தடைக்காலத்தின் இரண்டு மாதத்துக்கான கார்டு தொகையை ஒதுக்கி, கார்டு உள்ள வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். நிவாரணம் வரும் கணக்கிலிருந்து அதற்கு ஒரு ரூபாயும் போக வேண்டாம்.